பாதியில் நின்ற கொடி

எங்கள் தீவின் விண்ட்வர்ட் துறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் இன்னும் உறைக்க ஆரம்பிக்கவில்லை. ஒரு கையில் ரம் பாட்டில், மறு கையில் துணி கட்டிய சட்டி. சட்டியில் சோளக்களியும் துவரையும் மீனும் இருந்தன, எல்லாம் உப்பில்லாமல். செத்தவர்களுக்கு எடுத்துப் போகும் சாப்பாட்டில் நாங்கள் உப்புப் போடுவதில்லை.

துறையில் என் தம்பி ஆல்பனின் பாய்ப்படகு 'கொராலிட்டா' கட்டிக் கிடந்தது. வெள்ளையும் பச்சையும் பூசிய அழகான படகு. அதைக் கடலில் இறக்கிய நாளில் பாதிரியார் தண்ணீர் தெளித்தார், ஆட்டையும் சேவலையும் வெட்டினோம், ஊரே தின்று குடித்து ஆடியது. அதன் பெயர்க்கொடியையும் நாட்டுக் கொடியையும் நான்தான் என் கையால் தைத்துக் கொடுத்தேன். கொடி கொடுத்தவள் படகுக்கு ஞானத்தாய். பெற்ற பிள்ளை இல்லாத எனக்கு அந்தப் படகு ஒரு பிள்ளை மாதிரிதான்.

"வந்துட்டாங்கப்பா ஞானத்தாய்!" என்று படகிலிருந்து கத்தினான் ஹோஸ்டன். "இனிமே கடல் வாலச் சுருட்டிக்கிட்டுப் படுத்துக்கும்."

"நீ உன் நாக்கச் சுருட்டி வை. அது போதும்" என்றேன்.

ஹோஸ்டன் பக்கத்துத் தீவான பெட்டி மார்ட்டினிக்கைச் சேர்ந்தவன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சுக்கான் பிடிப்பதில் கெட்டிக்காரன். எங்கள் ஊரில் ஒருவனும் 'கொராலிட்டா'வில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவனைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தோம்.  ஆல்பன் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தான். சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டான். சட்டை தோளில் தொங்கியது.

காரணம் ஊருக்கே தெரியும். மழைக்காலத் தொடக்கத்தில் ஆல்பனும் அவன் கூட்டாளி செஃப்ரினும் வடக்கே இருந்து விஸ்கி ஏற்றிக்கொண்டு கிரெனடாவுக்குப் போனார்கள். அது எந்த மாதிரி விஸ்கி என்று கேட்கக் கூடாது. அதனால்தான் மூன்றாவது ஆள் இல்லாமல் போனார்கள். ஜென்னி என்று நாங்கள் சொல்லும் கடல் பகுதி அந்த வழியில் இருக்கிறது. கீழே எரிமலை குமுறும் இடம், மேலே எந்த நேரம் எப்படிப் புரளும் என்று சொல்ல முடியாது. அங்கே பாயின் அடிக்கட்டை வீசி செஃப்ரினைக் கடலில் தள்ளிவிட்டது. கல் மாதிரி உள்ளே போய்விட்டான், தலைகூடத் தெரியவில்லை என்று ஆல்பன் சொன்னான். சாயங்காலம் கொடியை அரைக்கம்பத்தில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தான்.

எங்கள் கடலில் கொடிக்கென்று முறை உண்டு. காலையில் ஏற்றி, சூரியன் விழும்போது இறக்க வேண்டும். படகில் சாவு விழுந்தால் அரைக்கம்பம். அதையும் நேராகப் பாதியில் கட்டக் கூடாது. உச்சிவரை ஏற்றி, அங்கிருந்துதான் பாதிக்கு இறக்க வேண்டும். எடுக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டும். அந்தக் கடைசி ஏற்றம் செத்தவனுக்கு வழி விடுவதற்கு. அரைக்கம்பக் கொடியோடு ஒரு படகு எதிரே வந்தால் அரசாங்கக் கப்பலே ஆனாலும் வேகத்தைக் குறைத்து, தன் கொடியை ஒரு முறை தாழ்த்தி ஏற்றும். கிட்ட வராது, கேள்வி கேட்காது. துக்க வீட்டுக்குள் செருப்போடு நுழைவதில்லையே, அது போலத்தான்.

அன்று கரையில் ஊரே நின்று பார்க்க, ஆல்பன் கொடியை உச்சிக்கு ஏற்றாமல் பாதியிலிருந்து நேராகக் கீழே இழுத்துவிட்டான். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். செஃப்ரினின் மனைவி மியூரியல் மட்டும் அழவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு 'கொராலிட்டா'வில் எந்தக் கொடியும் பாதிக்கு மேல் ஏறவில்லை.

ஆல்பன் கயிற்றை மாற்றினான். கப்பியை மாற்றினான். நான் புதுக் கொடி தைத்துக் கொடுத்தேன். எல்லாம் பாதியில் போய் நின்றன. கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜ் துறைமுகத்துக்குள் அப்படியே போனான். சுகாதாரத்துறை ஆள் ஏறி வந்து, "பிணம் எங்கே?" என்று கேட்டாராம். பிணம் இல்லை என்றதும், சாவு இல்லாமல் அரைக்கம்பம் வைப்பது பொய்க்கொடி, இனி அப்படி வராதே என்று விரட்டிவிட்டார்கள். அடுத்த முறை கொடியே இல்லாமல் போனான். கொடி இல்லாத படகுக்கு இடம் இல்லை என்று மறுபடி விரட்டினார்கள். அதைவிட மோசம் எங்கள் ஆட்கள் சொன்னது. கொடி பொய் சொல்லாது, அரைக்கம்பம் நின்றால் அதற்கு ஒரு பிணம் வந்தே தீரும் என்றார்கள். ஆல்பனின் மனைவி ரோசிட்டா இதைக் கேட்டதிலிருந்து தூங்கவில்லை. "அண்ணி, அவர எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், அடுத்தவர் வீட்டுப் பேயில் நம்பிக்கை இல்லை. இது எங்கள் வீட்டுப் பேய். முறை தவறிவிட்டது, முறையாகச் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். செஃப்ரின் விழுந்த இடத்துக்கே போய், அவனுக்குச் சாப்பாடு வைத்து, ஞானத்தாயான நானே கொடியை உச்சிக்கு ஏற்றி இறக்குவது. அவ்வளவுதான் என் திட்டம்.

"அக்கா, இங்கேயே துறையில வச்சு ஏத்திடலாமே" என்றான் ஆல்பன். "அவ்வளவு தூரம் எதுக்கு?"

"அவன் துறையிலயா செத்தான்?"

 அவன் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.

பவழப் பாறைகளைத் தாண்டும்வரை ஹோஸ்டன் பேசிக்கொண்டே வந்தான். என் ரம் பாட்டில் செத்தவனுக்கு மட்டும்தானா, உயிரோடு இருப்பவர்களுக்கும் உண்டா என்று கேட்டான். செத்தவன் குடித்தது போக மிச்சம் உனக்கு என்றேன். நல்ல காற்று. படகு சாய்ந்து ஓடியது. கொடியைத் துறையிலேயே ஏற்றியிருந்தோம். வழக்கப்படி பாதியில் நின்றது. நான் அண்ணாந்து பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தேன்.

எதிரே வந்த மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றும் கொடியைத் தாழ்த்தின. கொடியில்லாத சின்னப் படகுக்காரர்கள் தொப்பியை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆல்பன் முகத்தைப் பாய்க்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

ரோண்ட் தீவு தெரிய ஆரம்பித்ததும் காற்று குறைந்தது. பிறகு நின்றே போனது.

பாய் தொங்கியது. வெயில் நேரே தலையில் அடித்தது. கடல் எண்ணெய் மாதிரி மினுங்கியது. எங்கிருந்தோ அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அது ஜென்னியின் வழக்கமான கந்தக மூச்சுதான், எத்தனையோ முறை இந்த வழியில் முகர்ந்திருக்கிறேன். ஆனால் இன்று அதற்குள் வேறொரு வாடை இருந்தது. மூலையில் மறந்து விட்டுவிட்ட ஈரத் துணியின் வாடை.

"இந்த இடந்தானா?" என்றேன்.

ஆல்பன் தலையை மட்டும் அசைத்தான்.

சட்டியைத் திறந்து சாப்பாட்டைக் கடலில் போட்டேன். ரம்மை ஊற்றினேன். "செஃப்ரின், ஏதோ அவசரத்துல முறை தவறிப் போச்சு. மனசுல வச்சுக்காதப்பா. இதோ வழி விடறேன், போய்ச் சேரு" என்று சொன்னேன். களி மூழ்கவில்லை. படகை ஒட்டியே மிதந்தது. மீன் ஒன்றுகூட வந்து கொத்தவில்லை.

பாய்மரத்தடிக்குப் போய்க் கொடிக்கயிற்றைப் பிடித்தேன். இழுத்தேன்.

வரவில்லை.

கயிறு எங்கும் சிக்கவில்லை. சிக்கின கயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது கல் மாதிரி நிற்கும். இது அப்படியில்லை. நான் இழுத்தால் ஒரு சாண் வந்தது. விட்டால் ஒரு சாண் போனது. மேலே யாரோ பிடித்துக்கொண்டு, நான் எவ்வளவு இழுக்கிறேன் என்று பார்ப்பது போல் இருந்தது.

முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

நாக்கால் தொட்டேன். உப்பு.

அண்ணாந்து பார்த்தேன். காற்றில்லாத வெயிலில் கொடி நனைந்து, மரத்தோடு ஒட்டிக்கொண்டு, சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு அலைகூட அந்த உயரத்துக்கு எழும்பவில்லை. மழையும் இல்லை.

"அக்கா" என்று மெல்லக் கூப்பிட்டான் ஹோஸ்டன். அவன் குரலில் கேலி போயிருந்தது. "சுக்கான் அசைய மாட்டேங்குது."

"காத்து இல்ல. அதான்."

"இல்லக்கா. யாரோ பிடிச்சுத் தொங்கற மாதிரி இருக்கு."

அப்போதுதான் கேட்டது.

படகுக்கு வலப்புறம், கொஞ்சம் தள்ளி, வெறும் தண்ணீரிலிருந்து அந்தக் குரல் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒருவனின் குரல்.

"ஆல்பன்... கயித்தப் போடு..."

ஹோஸ்டன் சிலுவை போட்டுக்கொண்டான். நான் அந்தப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் ஓரிடத்தில் லேசாகக் கலங்கிக்கொண்டிருந்தது, ஒருவன் காலை உதைத்து நிற்கும்போது கலங்குவது போல.

"ஆல்பன்... இங்கதான் இருக்கேன்..."

கல் மாதிரி உள்ளே போனவன் கயிறு கேட்க மாட்டான். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. தம்பியின் பக்கம் திரும்பினேன். அவன் பலகையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்தேன்.

"அன்னிக்கு என்னடா பண்ணே? சொல்லு."

"அவன் சாகல" என்றான் ஆல்பன். "நல்லா நீந்திக்கிட்டுதான் இருந்தான். ரெண்டு தரம் திருப்பினேன் அக்கா, தனி ஆளா என்னால கிட்டப் போக முடியல. மூணாந்தரம் திருப்பலாம்னு பாத்தா, தீவுக்குப் பின்னாலேந்து ரோந்துப் படகு வருது."

"வந்தா நல்லதுதானே? தூக்கியிருப்பாங்களே!"

"உள்ள பூரா விஸ்கி அக்கா. ஏறி வந்தா படகு போயிடும். நான் ஜெயிலு. கிட்ட வராம இருக்கணும்னா..." அவன் கொடியைப் பார்த்தான். அழ ஆரம்பித்தான்.

மிச்சத்தை நானே புரிந்துகொண்டேன். கடலில் உள்ள எல்லாரும் மதிக்கும் ஒரே மரியாதையை எடுத்து அவன் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறான். அரைக்கம்பத்தைப் பார்த்ததும் ரோந்துப் படகு வேகத்தைக் குறைத்து, கொடியைத் தாழ்த்தி, விலகிப் போயிருக்கிறது. தண்ணீரிலிருந்து செஃப்ரின் எல்லாவற்றையும் பார்த்திருப்பான். தன் படகில் தனக்குச் சாவுக்கொடி இறங்குவதை, தன்னைக் காப்பாற்ற வந்த படகு தனக்கே மரியாதை செய்துவிட்டுப் போவதை, உயிரோடு பார்த்திருப்பான்.

"அவங்க போனப்புறம் திரும்பினேன் அக்கா. சத்தியமா திரும்பினேன். ஆளக் காணோம்."

ஓங்கி அறைந்தேன். சிறு வயதில்கூட நான் அவனை அடித்ததில்லை. அடித்த கையாலேயே அவன் தலையை இழுத்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்ன செய்தாலும் அவன் என் தம்பி. அவனை உயிரோடு ரோசிட்டாவிடம் கொண்டு சேர்க்க வேண்டும், அதற்குத்தானே வந்தேன்.

"கயித்தப் போடு..."

குரல் இப்போது கிட்டத்தில் இருந்தது.

படகின் பக்கப் பலகையில் கை தட்டும் சத்தம் கேட்டது. ஈரக் கை.

ஆல்பன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூலையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து, ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"வேண்டாம்டா."

"அன்னிக்குப் போட்டிருக்கணும் அக்கா."

வீசினான். கயிறு நீண்டு போய்த் தண்ணீரில் விழுந்து மிதந்தது. நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அது மிதந்துகொண்டே இருந்தது.

பிறகு மெல்ல நேரானது.

ஆல்பன் இழுத்தான். கனமாக இருந்தது என்று அவன் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. "வர்றான்" என்றான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்க முடிவதில்லை. "அக்கா, வர்றான் அக்கா!"

கயிறு சட்டென்று விறைத்து இழுத்தது. ஆல்பன் பக்கப் பலகையைத் தாண்டிப் போய்விட்டான்.

அதே நொடியில் காற்று வந்தது. செத்துக் கிடந்த பாய் துப்பாக்கி வெடித்தது போல் விரிந்தது. படகு பாய்ந்து ஓடியது. "திருப்புடா! திருப்பு!" என்று நான் கத்த, ஹோஸ்டன் சுக்கானில் காலை முட்டுக் கொடுத்துத் தொங்கினான். அது அசையவில்லை. பாய்க்கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னான். முடிச்சில் விரல் நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு நெகிழவில்லை. பின்னால் ஆல்பனின் தலை மேலே வந்தது. உயிரோடு இருந்தான். நீந்தினான். கையைத் தூக்கிக் கூப்பிட்டான். இடைவெளி கூடிக்கொண்டே போனது.

அப்போது ரோண்ட் தீவுக்குப் பின்னாலிருந்து ரோந்துப் படகு வந்தது.

கடவுளே, இருக்கிறாய் நீ என்று நினைத்தேன். எஞ்சின் படகு, ஒரு நிமிடத்தில் அவனைத் தூக்கிவிடும். தலைத்துணியைப் பிடுங்கி வீசினேன். இரண்டு கையையும் விரித்துக் கதறினேன். "ஆளு விழுந்துட்டான்! அங்க! அங்க பாருங்க!" காற்று என் வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. ஹோஸ்டனும் கத்தினான்.

ரோந்துப் படகின் வேகம் குறைந்தது. மேல்தளத்தில் ஓர் அதிகாரி எங்களைப் பார்த்தார்.

தொப்பியைக் கழற்றினார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் கொடி ஞாபகம் வந்தது. அரைக்கம்பக் கொடியின் கீழே ஒரு பெண் தலைவிரிகோலமாகக் கையை விரித்துக் கதறினால், பார்க்கிறவர்களுக்கு அதற்கு வேறென்ன அர்த்தம்?

பாய்மரத்துக்கு ஓடினேன். கொடியை இறக்கிவிட்டால் போதும், அல்லது ஏற்றிவிட்டால் போதும், பாதியில் மட்டும் நிற்கக் கூடாது. முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். நகரவில்லை. "அறுத்து விடுடா!" என்றேன். ஹோஸ்டன் சுக்கானை விட்டுவிட்டு ஓடிவந்து கத்தியால் கயிற்றை அறுத்தான். அறுந்த முனை கீழே விழுந்து என் காலில் சுற்றிக்கொண்டது.

கொடி பாதியிலேயே நின்றது. அதைப் பிடித்துக்கொள்ளக் கயிறே இல்லை. ஆனாலும் நின்றது.

ரோந்துப் படகின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய கொடி மெல்லக் கீழே இறங்கியது. சற்று நின்றது. மெல்ல மேலே ஏறியது. அவ்வளவு அழகாக, அவ்வளவு மரியாதையாகச் செய்தார்கள். பிறகு எஞ்சின் சத்தம் கூடியது, படகு விலகி வடக்கே போனது.

என் தம்பியின் குரல் எனக்குக் கேட்டது. அவனும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா..."

பிறகு கேட்கவில்லை.

கேட்காமல் போன பிறகுதான் சுக்கான் அசைந்தது. பாயும் எங்கள் சொல் கேட்டது. திரும்பிப் போனோம். சுற்றிச் சுற்றித் தேடினோம். நான் போட்ட களி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. சூரியன் கடலைத் தொட்ட நேரத்தில் கொடி தானாக அவிழ்ந்து என் மடியில் விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். நல்ல வெயிலில் காய்ந்த துணி மாதிரி சூடாக, காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

ரோசிட்டாவிடம் அன்று என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி வந்து, படகில் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்று பார்த்ததும் அவளாகவே கீழே உட்கார்ந்துவிட்டாள். விசாரணைக்கு அந்த ரோந்து அதிகாரியும் வந்திருந்தார். நல்ல மனிதர். "நீங்க அழறீங்கன்னு நினைச்சோம்மா. உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நினைச்சோம்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மியூரியலின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கை நிற்காமல் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவருக்குக் கண்ணு ரொம்ப நல்லாத் தெரியும். கொடி இறங்கினதப் பாத்திருப்பாரு, இல்ல?"

 அவள் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதற்கப்புறம் என் ரொட்டிக் கடைக்கு வருவதில்லை. நானும் வா என்று சொல்வதில்லை.

'கொராலிட்டா'வைக் கரையில் ஏற்றிவிட்டோம். ஹோஸ்டனே வந்து பாய்மரத்தை அடியோடு அறுத்து எடுத்தான், ஒரு பகடிகூட அடிக்கவில்லை. கொடியைப் பாதிரியாரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கல்லறைத் தோட்டத்தில் முறையாக உச்சிக்கு ஏற்றி, முறையாக இறக்கி, மடித்துப் புதைத்தார். தடையில்லாமல் ஏறியது. ரோசிட்டா அதைப் பார்த்து அழுதாள். எனக்கும் மனது கொஞ்சம் ஆறியது. தம்பிக்கு வழி கிடைத்துவிட்டது என்று நம்ப ஆரம்பித்தேன்.

போன வாரம் பெக்வே தீவிலிருந்து ஒரு சரக்குப் படகுக்காரர் என் கடைக்கு ரொட்டி வாங்க வந்தார். முன்பின் தெரியாதவர். ரொட்டியை வாங்கிக்கொண்டு போகாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொராலிட்டாவுக்கு ஞானத்தாய் நீங்கதான்னு சொன்னாங்கம்மா. துக்கம் விசாரிச்சுட்டுப் போலாம்னு நின்னேன்."

"சரிப்பா. அதெல்லாம் ஆகி நாளாச்சு" என்றேன்.

"நாளாச்சா? நேத்து மத்தியானந்தானே ஜென்னிகிட்ட எதிர வந்துச்சு. பேரு படிச்சேனே. கொடி அரைக்கம்பத்துல இருந்துச்சு."

அவருடைய தோளுக்குப் பின்னால், கதவு வழியாகக் கரை தெரிந்தது. பாய்மரமில்லாத 'கொராலிட்டா' மணலில் சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

"படகு மேல ஆளு யாரும் தெரியலம்மா" என்றார் அவர். "பக்கத்துல தண்ணிக்குள்ளதான் ரெண்டு பேர் இருந்தாங்க. நல்ல நீச்சல்காரங்க போல. எங்களப் பாத்ததும் ரெண்டு பேரும் கையத் தூக்கினாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

"என்னம்மா பண்றது? வழக்கப்படி கொடியத் தாழ்த்தி மரியாத பண்ணிட்டு, எங்க வழியில வந்துட்டோம்."